சீக்கிரம் போகிற வாசனை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எங்கள் பகுதிக்கு வாசனை கிடையாது.
பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது,
பூ கூடவே கூடாது.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடையில்
பன்னிரண்டு மணி நேரம்.
தலைக்கு மேல் ஒரு கருவி
காற்றின் தூசியை எண்ணிக்கொண்டே இருக்கும்.
போன வருஷம் ஒருத்தி துளி அத்தர் பூசி வந்தாள்.
காக் ரொஹாயா வாசலிலேயே திருப்பி அனுப்பினார்,
அரைநாள் சம்பளம் போயிற்று.
அது நான்தான்.

ஆகவே படுக்கையறைக்கு மணம் தேடுவது
எனக்குச் சின்ன வேலை இல்லை.
குணாளன் பத்து மாவுங்கில் மீன் லோரி ஓட்டுகிறான்.
அவன் ஷிஃப்டும் என் ஷிஃப்டும் ஒத்துப்போகிற ராத்திரி
மாதத்துக்கு ஆறோ ஏழோ.
அதையும்
ஈரத்துணி தொங்கும் அறையில்
பக்கத்து வீட்டு பெலாச்சான் வறுபடும் நெடியில்
கழிக்க மனமில்லை.

மல்லிகையை முதலிலேயே தள்ளிவிட்டேன்.
அது கல்யாண மண்டபம்.
மூடியைத் திறந்தால் போதும்,
இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும்
கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.
சந்தனம் என்றால் செவ்வாய்க்கிழமை, கூச்சமாயிருக்கும்.
பேரங்காடியில் லாவெண்டர் மெழுகுத்திரி
முப்பத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு காசு.
தூக்கம் வரும் என்று எழுதியிருந்தது.
தூக்கமா எங்களுக்குக் குறை?
ஒரு காலில் கால்சட்டையோடு குறட்டை விடுகிறவன் அவன்.
செராய்க்குக் கொசு போகும், கூடவே மற்றதும் போகும்,
தோம்யாம் சட்டிக்குள் படுத்ததுபோல்.
பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தைலம்
முழங்கால் வலி.

குணாளன் கேட்டது ஊது.
"காசு போனாப் போகுது, ராஜா மாதிரி இருக்கணும்."

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில்
கை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற அத்தர் கடை.
கண்ணாடிக் குச்சியால்
மணிக்கட்டு, முழங்கை,
இடம் தீர்ந்ததும் என் மின்கட்டண ரசீதின் பின்புறம் என்று
தொட்டுத் தொட்டு வைத்தார் கடைக்காரர்.
"இது மூணு நாள் நிக்கும்மா. துவைச்சாலும் போகாது."

எது சீக்கிரம் போகும் என்றேன்.

குச்சி அந்தரத்தில் நின்றது.

ராத்திரி பத்துக்கு வைத்தால்
விடியற்காலை நாலரைக்கு இருக்கக் கூடாது,
முடியில், தோலில், எதிலும்.
ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ்.

கீழ்த்தட்டில் துழாவி ஒரு பொடிக்குப்பி எடுத்தார்.
லீமாவ் கஸ்தூரி, தோலிலிருந்து பிழிந்தது.
"இதைத் தனியா யாரும் வாங்குறதில்ல.
மத்த வாசனைக்கெல்லாம் முன்னால ஓடுற பையன் இவன்.
வந்துட்டேன்னு சொல்லுவான், போயிடுவான்."
ஏழு ரிங்கிட்.

புதன் ராத்திரி
வெந்நீர்க் கிண்ணத்தில் நாலு சொட்டு.
விளக்கை அணைத்தேன்.
குணாளன் உள்ளே வந்தான், மூக்கை உறிஞ்சினான், நின்றான்.
"என்னடி, ரூம் பூரா என் கை வாசனை அடிக்குது?"

மீன் வாடை போக
தினமும் நகக்கண் வரை அவன் தேய்த்துக் கழுவுகிற
அதே லீமாவ்.
எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?
ஊதுக்கு ஆசைப்பட்ட ராஜா
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தான்.
கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால்
எங்கள் தரையைத் தட்டும்வரை சிரித்தோம்.
அவ்வளவு சிரித்த பிறகு
இருட்டில் கிட்டே போவதைத் தவிர
வேறென்ன செய்வது.

நாலரைக்கு முகர்ந்து பார்த்தேன்,
தலையணை, என் முழங்கை, அவன் பிடரி.
கடைக்காரர் சொல் தப்பவில்லை.
பிடரியில் மட்டும் கொஞ்சம் ஐஸ், கொஞ்சம் கெம்போங் மீன்.

காக் ரொஹாயா என் தோளருகே குனிந்தார்,
போ என்று கையை அசைத்தார்.
உள்ளே கருவி எண்ணியது. பச்சை விளக்கு.
முகமூடிக்குள் எனக்கு மறுபடி சிரிப்பு வந்து
கண்ணாடி ஆவி படிந்தது.

அடுத்து ஒத்துவருகிற ராத்திரி பதினேழாம் தேதி.
குப்பியில் முக்கால்வாசி இருக்கிறது.
மூடிதான்
சரியாக இறுகமாட்டேன் என்கிறது.